எவ்வளவு போகும்?

கூத்தாநல்லூரில் யாராவது ஒரு பழைய காசை என் முன்னால் நீட்டினால், அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "இது எவ்வளவு போகும்?" இருபது வருடமாக இதே கேள்விதான். ஆறாம் வகுப்புப் பையனும் கேட்கிறான், ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் கேட்கிறார், மகள் கல்யாணத்துக்குப் பவுன் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் மாமியும் கேட்கிறார். "இது என்ன காசு?" என்று கேட்டவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

பழசு என்றால் பணம். இந்த நம்பிக்கை நம் ஊர்ப்பக்கம் வெற்றிலைக்கொடி மாதிரி படர்ந்து கிடக்கிறது. வங்கியில் போட்ட வைப்புத்தொகைக்கு வருடாவருடம் வட்டி ஏறுகிற மாதிரி, காசுக்கும் வயது ஏற ஏற விலை ஏறும் என்று நினைக்கிறார்கள். நூறு வருடம் என்றால் லட்சம். ஆயிரம் வருடம் என்றால் கோடி. இதைப் போலப் பொய் வேறில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆயிரம் வருடக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். ராஜராஜனின் செப்புக் காசு, ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அரசன் பெயரும் உள்ளது, காவிரிப் படுகையிலும் இலங்கையிலும் அள்ள அள்ள வந்துகொண்டிருக்கிறது. வயது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் தேய்ந்த ஒரு ராஜராஜன் காசை விற்று ஒரு குடும்பம் ஒரு நாள் நல்ல பிரியாணி சாப்பிடலாம், அவ்வளவுதான். கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கும் ரோமானியச் செப்புக் காசுகள் அதையும் விட மூத்தவை. முக்கால்வாசி முகம் தேய்ந்துபோனவற்றுக்கு விலையும் அந்த அளவுதான். இதற்கு நேர்மாறாக, ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் இருக்கிறதே, இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை, நல்லதாகக் கிடைத்தால் வாங்குவதற்குச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். அந்த வருடம் எழுதியது வெளியே வந்தது மிகக் குறைவு என்பதே காரணம். அதனாலேயே அந்த ஆண்டுக்குப் போலியும் அதிகம்.

காசில் எழுதியிருக்கும் வருடத்தைக்கூட அப்படியே நம்ப முடியாது. விக்டோரியா தலை போட்ட 1862 ரூபாய் நம் வீட்டுப் பெட்டிகளில் நிறைய உண்டு. அந்த 1862 என்ற வருடத்தை மாற்றாமலே 1874 வரைக்கும் நாணயச் சாலைகள் அடித்துத் தள்ளின. கையில் இருப்பது எந்த வருடத்தில் அடித்தது என்று தெரிய, பூவேலைக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ண வேண்டும். இதை ஒருவரிடம் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. "புள்ளி எண்ணுறதெல்லாம் இருக்கட்டும் தம்பி, தொகையச் சொல்லு" என்றார்.

போன மாதம் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். பாலிதீன் பையில் சுற்றி, அதைக் கைக்குட்டையில் சுற்றி, அதைச் சட்டையின் உள்பையில் வைத்துக் கொண்டுவந்தான். தாமிரக் காசு. ஒரு பக்கம் அனுமார் மலையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818 என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. "மாமா, இது அரிசிய இழுக்குமாம். ஒருத்தர் மூணு லட்சம் வரைக்கும் பேசுறாரு. சோதனை பண்ண மட்டும் நாம இருபதாயிரம் கட்டணுமாம்."

நெல் விளையும் மண்ணில் பிறந்தவனுக்கு இந்தச் சங்கதியைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காசு அரிசியை இழுக்காது. அரிசியை இழுப்பது கதிரடிக்கும் களத்தில் இருக்கும் எறும்பு மட்டும்தான். அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, காசுக்குள்ளோ மேசைக்கு அடியிலோ காந்தத்தை வைத்தால், எந்தக் காசும் 'இழுக்கும்'. ரைஸ் புல்லிங், இரிடியம், வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் வாங்கும், விஞ்ஞானி வந்து பார்க்க வேண்டும், அவர் போடும் கதிர்வீச்சு உடைக்கு வாடகை கட்ட வேண்டும் என்று கதை நீண்டுகொண்டே போகும். கையிலிருக்கும் பணம் தீரும்போது கதையும் முடியும். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் இந்த மோசடி வழக்குகள் புதிதல்ல.

பையனைத் திண்ணையில் உட்காரவைத்து மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். கம்பெனி தன் காசில் அனுமாரை எதற்குப் போடும்? முழித்தான். கம்பெனியின் அரையணாக் காசில் என்ன சின்னம் இருக்கும்? தெரியாது என்றான். என்னிடம் இருந்த 1835 அரையணாவை எடுத்துக் கையில் கொடுத்தேன். கம்பெனியின் சொந்தச் சின்னத்தைத் தடவிப் பார்த்தான், பிறகு இரண்டு காசையும் இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக் கனம் பார்த்தான். ஒரு அணாக் காசு எப்போது வந்தது? இந்த மூன்றாவது கேள்விக்கு நானே பதில் சொன்னேன். பிரிட்டிஷ் இந்தியா முழுக்கப் புழங்குவதற்கு ஒரு அணா நாணயம் வந்ததே 1907-ல், எட்வர்ட் மன்னர் காலத்தில். அதுவும் தாமிரம் இல்லை, நிக்கல் கலந்தது, விளிம்பு அலை அலையாக வளைந்தது. நீ வைத்திருப்பது யாரோ சாமி படம் போட்டு விற்பதற்காகப் பின்னாளில் அடித்த வில்லை. இப்படி ராமர் பட்டாபிஷேகம் போட்டது, சிவன் போட்டது என்று சந்தையில் நிறையக் கிடக்கின்றன. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த 1835 காசை இன்னொரு தடவை பார்க்கட்டுமா மாமா?" என்றான். அந்த நொடியில்தான் அவன் காசு சேர்க்கத் தொடங்கினான் என்பேன்.

அரிசி இழுக்காத காசுக்கும் இதே வகையில் வலை விரிக்கிறார்கள். வைஷ்ணவி தேவி படம் போட்ட 5, 10 ரூபாய் நாணயத்துக்கு லட்சங்கள் என்று செல்போனுக்குச் செய்தி வருகிறது. அவை 2012-ல் அந்தக் கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக வெளியிட்டவை. பேருந்து நடத்துநர் சில்லறை கொடுக்கும்போது எத்தனையோ பேர் கைக்கு வந்துபோனவை. பழைய நோட்டு, காசு வாங்கித் தருவதாகச் சொல்லி, தன் பெயரையும் முத்திரையையும் போட்டுக் கட்டணம், கமிஷன், வரி என்று கறப்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி எச்சரிக்கை வெளியிட்டது. எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் ஒரு வீட்டில் 'பதிவுக் கட்டணம்' கட்டிவிட்டு, இன்னும் அந்தத் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் அதிகம் விலைபோகும் பொய் 786. பிஸ்மில்லாவின் எண் என்பதால் அந்த எண் உள்ள நோட்டைப் பர்சில் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு லட்சம் கிடைக்கும் என்றால் கணக்கு இடிக்கிறது. ஒரு முன்னெழுத்துக்குப் பத்து லட்சம் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 786 என்று முடிபவை மட்டும் ஆயிரம். எந்த இடத்திலாவது 786 வருபவை 3,999. முன்னெழுத்துகள் எத்தனை, மதிப்புகள் எத்தனை, வருடங்கள் எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். கடைத்தெரு முழுக்க லட்சாதிபதிகள் நடமாட வேண்டும்.

இந்த ஊருக்குச் சின்ன சிங்கப்பூர் என்று பெயர். வெளிநாட்டுக்குச் சபர் போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் இவை. அந்த வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் இருப்பது எந்த நாணயக் கண்காட்சியிலும் மொத்தமாகக் கிடைக்காது. பிரிட்டிஷார் ஆண்ட ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் காலனியின் காசுகள், நான்கு மூலையும் மழுங்கிய சதுரச் செப்புச் சென்ட், ஜப்பான்காரன் 1942 முதல் 1945 வரை மலேயாவில் புழங்கவிட்ட வாழைமர நோட்டு. இந்த வாழைமர நோட்டைத்தான் 'எவ்வளவு போகும்' கூட்டம் முதலில் குப்பையில் போடுகிறது. விலை இல்லை என்று தெரிந்தவுடன் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு முழு ஆளின் நான்கு வருட உழைப்பு ஒரே நாளில் காகிதமான கதை அதில் இருக்கிறது. முதலில் வந்த நோட்டுகளில் வரிசை எண் உண்டு. பிறகு அச்சடிக்கும் வேகத்தில் எண்ணையே விட்டுவிட்டு எழுத்து மட்டும் போட்டார்கள். எண் உள்ளதையும் இல்லாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பணவீக்கம் என்றால் என்ன என்று வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஒரு வீட்டில் எழுபது வயது அம்மா ஒருவர் கனமான வெள்ளிக் காசு ஒன்றைக் காட்டினார். அரபு எழுத்து இருப்பதால் ஓதிக் கொடுத்த காசு என்று ஐம்பது வருடமாக அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். அவருக்கு எழுத்து தெரியும், மொழிதான் புரியவில்லை. "சாத்து... ரிங்கிட்..." என்று படித்தவர் தானே நிறுத்தினார். "ரிங்கிட்டா? மலேயாப் பணமுல்ல!" அரபு எழுத்தில் எழுதிய மலாய், 'ஒரு டாலர்' என்று அர்த்தம். பக்கத்தில் சீன எழுத்து. மறுபக்கம் சூலம் பிடித்து நிற்கும் பிரிட்டானியா. 1895 முதல் 1935 வரை கீழை நாட்டு வணிகத்துக்காக அடித்த டாலர். சூலத்தின் நடுமுனையில் பூதக்கண்ணாடியை வைத்தோம், மயிரிழையளவு 'பி' என்ற ஆங்கில எழுத்து. பம்பாய் நாணயச் சாலை. பம்பாயில் பிறந்து, மலேயாவில் புழங்கி, ஒரு சபராளியின் இடுப்புப் பையில் கூத்தாநல்லூருக்கு வந்து அரிசிப் பானையில் உட்கார்ந்திருக்கிறது. தராசில் போட்டேன். 26.95 கிராம் இருக்க வேண்டும், தேய்மானம் போக 26.8 காட்டியது. நல்ல காசுதான். இந்த டாலருக்குப் போலி ஏராளம், பெரும்பாலானவை எடையிலேயே மாட்டிக்கொள்ளும்.

அந்த அம்மாவும் கடைசியில் விலையைக் கேட்டார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசிக் கேள்வியாக வந்தது.

"அப்படியென்றால் லட்சத்துக்கு விற்கும் காசே கிடையாதா?" என்பார்கள். உண்டு. ஏலங்களில் கோடியைத் தொடுபவையும் உண்டு. ஆனால் அரிதாக அடித்தது, நல்ல நிலையில் இருப்பது, வாங்க ஆள் இருப்பது ஆகிய மூன்றும் சேரும்போதுதான் அந்த விலை. வயது இந்தப் பட்டியலிலேயே இல்லை. நல்ல நிலையையும் நம் ஆட்கள் விட்டுவைப்பதில்லை. பளபளப்பாக இருந்தால் விலை கூடும் என்று புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி துலக்கி எடுத்துவருகிறார்கள். நூறு வருடமாகக் காசின் மேல் படிந்த நிறம் பத்து நிமிடத்தில் போய்விடும், கூடவே பாதி விலையும் போய்விடும். பேராசையால் காசின் விலையையே குறைத்துக்கொள்ளும் வேடிக்கை இது.

குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. சேகரிப்பாளர்கள் கூடும் இடத்தில் புதிதாக வந்தவன் ஓட்டைக் காலணாவை நீட்டினால், "இதெல்லாம் கோடிக்கணக்கில அடிச்சது, கிலோக் கணக்கில கிடைக்கும்" என்று சிரித்து அனுப்பிவிடுகிறோம். போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943-ல் நடுவில் ஓட்டை போட்டார்கள் என்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சிரிப்பு வாங்கியவன் மறுபடி நம்மிடம் வரமாட்டான். மூன்று லட்சம் தருகிறேன் என்பவனிடம்தான் போவான்.

கேட்கத் தெரிந்தவர் கையில் சில்லறை விலைக் காசு என்ன ஆகும் என்பதற்கு நம் மொழியிலேயே சாட்சி இருக்கிறது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில், களிம்பு ஏறிய ஒரு சிறு செப்புக் காசில் குதிரைக்கு மேலே தமிழி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பாண்டிய மன்னன் பெயர் இருப்பதைப் படித்தார். சங்க காலத் தமிழ் மன்னர்கள் தங்கள் பெயரில் காசு அடிக்கவே இல்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்களின் வாய் அன்று அடைபட்டது. எவ்வளவு போகும் என்று மட்டும் கேட்பவர் கையில் அது கிடைத்திருந்தால் பழைய பாத்திரக் கடைக்குப் போய், உருகிக் குவளை ஆகியிருக்கும்.

அதனால் புதிதாகத் தொடங்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். காசைத் துலக்காதீர்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். எடையைக் கிராமில் இரண்டு தசமம் வரை எழுதுங்கள், நகைக்கடையில் கேட்டால் போட்டுத் தருவார்கள். குறுக்களவு எழுதுங்கள். காந்தம் ஒட்டுகிறதா, விளிம்பு வழவழப்பா, கோடு போட்டதா, பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிந்தைய காசு என்றால் வருடத்துக்குக் கீழே பாருங்கள்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா. எல்லாவற்றுக்கும் மேலாக, காசு யாரிடமிருந்து, எந்த வீட்டிலிருந்து, எந்த ஊர் வழியாக வந்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அதை எந்தப் புத்தகத்திலும் பிறகு தேட முடியாது. வயலில் உழும்போது காசுப் பானை அகப்பட்டால் கதை வேறு: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். பானையை உடைத்துப் பங்கு போட்டவர்கள் கோர்ட்டுக்கு நடந்ததுதான் மிச்சம்.

இத்தனையும் எழுதிக்கொண்டு யாராவது வந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு திண்ணையில்தான் இருப்பேன். தராசும் பூதக்கண்ணாடியும் என்னிடம் இருக்கின்றன, கட்டணம் எதுவும் இல்லை.