செத்த காலேஜ்

சென்னைப் பட்டணத்து ஜனங்கள் ஒரு காலத்தில் மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும், எழும்பூர்ப் பொருட்காட்சி சாலைக்குச் 'செத்த காலேஜ்' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். வேடிக்கையான பெயர்தான். ஆயினும் செத்த வஸ்துக்களும் பாடம் சொல்லும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் அல்லவா? அது எத்தகைய பாடம் என்பதற்கு ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சி சாலை நல்ல சாட்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆக்ஸ்போர்டில் மத நூல்களுக்கும் கிரேக்க, லத்தீன் பாஷைகளுக்குமே மதிப்பு அதிகம். இயற்கை சாஸ்திரங்களுக்கும் ஓர் இல்லம் வேண்டுமென்று ஹென்றி ஆக்லண்ட் என்னும் வைத்தியர் ஓயாமல் வாதாடினார். கடைசியில் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சர்வகலாசாலை அச்சகம் பைபிள் விற்றுச் சேர்த்த லாபத்திலிருந்து! 1855-ல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. மேலே கண்ணாடிக் கூரை. கீழே பிரிட்டிஷ் தீவுகளின் பலவகைக் கற்களாலான தூண்கள். அயர்லாந்துச் சிற்பிகளான ஓஷே சகோதரர்கள் நிஜமான செடிகளை எதிரில் வைத்துக்கொண்டு இலையும் பூவும் செதுக்கினார்கள். பணம் தீர்ந்து போகவே, சிற்ப வேலை பாதியில் நின்றது.

1860 ஜூன் 30-ந் தேதி, பைபிள் பணத்தில் எழுந்த அதே கட்டடத்தில், டார்வின் கொள்கையைப் பற்றிப் பிஷப் வில்பர்போர்ஸும் ஹக்ஸ்லியும் பெருங்கூட்டத்தின் முன் வாதிட்டார்கள். வேதம் விற்ற பணம் விசாரணைக்கும் கதவு திறந்துவிட்டது!

ஆனால், அங்கே நாம் முதலில் வணங்கவேண்டியது ஒரு பறவையின் தலையை. மோரீஸ் தீவில் வாழ்ந்து, பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் பூண்டற்றுப்போன 'டோடோ'வின் தலை அது. டிரேட்ஸ்கண்ட் குடும்பத்தார் சேகரித்த பொருள்களுடன் 1683-ல் ஆக்ஸ்போர்டுக்கு வந்தது. 1755-ல் அது மிகவும் பழுதுபட்டதென்று காட்சியிலிருந்து அகற்றினார்கள். தலையும் ஒரு காலும் மட்டுமே மிஞ்சின. இன்று உலகில் டோடோவின் தோலும் தசையும் எஞ்சியிருப்பது இதில்தான்.

அந்தத் துணுக்கைக் காப்பாற்றியதன் பலன் என்ன? 2002-ல் அதன் மரபணுவை ஆராய்ந்தவர்கள், டோடோ புறா இனத்தைச் சேர்ந்தது என்றும், இப்போது உயிரோடிருக்கும் பறவைகளில் அதன் நெருங்கிய பந்து நிக்கோபார்ப் புறா என்றும் கண்டார்கள். நம் தேசத்து நிக்கோபார்த் தீவுகளில் இன்றும் பறக்கும் பறவை அது! லண்டனில் உயிருடன் காட்சிக்கு வைக்கப்பட்ட பறவையே இது எனப் பலர் கருதிவந்தார்கள். 2018-ல் கதிர்ப்படம் எடுத்தபோது தலையிலும் கழுத்திலும் ஈயக் குண்டுகள் தென்பட்டன. சுட்டுக் கொன்றிருக்கிறார்கள்! மூன்றரை நூற்றாண்டு மௌனமாயிருந்த சாட்சி அன்றுதான் வாய் திறந்தது.

எந்தப் பொருள் எப்போது பேசும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆகையால்தான் காப்பது கடமையாகிறது. டில்லியில் 1978-ல் திறந்த நமது தேசிய இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சி சாலை, சொந்தக் கட்டடமின்றி ஒரு வர்த்தக சங்கத்தின் மாளிகையில் இருந்துவந்தது. 2016 ஏப்ரல் 26-ந் தேதி அது தீக்கிரையாயிற்று. அங்கே எரிந்தவை இனி என்ன பேசியிருக்கும் என்பதை நாம் ஒருநாளும் அறியப்போவதில்லை.

புதிய கட்டடங்கள் வேண்டியவைதான். அவற்றிலும் முக்கியம், இருப்பதை இழக்காத கவலை. நம் கல்லூரி அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கும் பட்சிகளையும் பூச்சிகளையும் குப்பையென்று தள்ளுமுன், அந்த டோடோவின் தலையை ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக!