'போலே தஹான்' என்றால் மனநிறைவா?

இலக்கணமும் வகுப்பறைச் செய்திகளுமாக எழுதிவரும் இப்பக்கத்தில் இன்று முதுகெலும்பைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் இது மொழியையும் தொட்ட செய்தி என்பதால் எழுதத் துணிந்தேன்.

என் மூத்த அண்ணன் முப்பது ஆண்டுகள் கிள்ளான் துறைமுகத்திற்கும் ஜொகூருக்கும் இடையே லாரி ஓட்டியவர். இடுப்பில் வட்டு விலகி நரம்பை அழுத்தியதால் 2016இல் அவருக்கு முதல் அறுவை நடந்தது. ஓராண்டு நலமாக இருந்தார். பிறகு வலி திரும்பியது. 2022இல் இரண்டாம் அறுவை. இம்முறை இரு முள்ளெலும்புகளைத் திருகாணிகளாலும் கம்பிகளாலும் பிணைத்தார்கள். ஆறு திங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு அழைத்துச் சென்றவன் நான்.

"மச்சாம் மானா அங்கிள், ஓகே?" என்று கேட்டார் இளம் மருத்துவர்.

"போலே தஹான் டாக்டர்" என்றார் அண்ணன்.

மருத்துவர் மகிழ்ந்து ஏதோ குறித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். ஆனால் திரும்பி வரும்போது அண்ணன் காரின் பின்னிருக்கையில் படுத்துக்கொண்டுதான் வந்தார். அரைமணி நேரம் உட்கார அவரால் இயலவில்லை.

"ஏண்ணே, உள்ளதைச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"அத்தன மணி நேரம் நின்னு பண்ணுன மனுசன் தம்பி. அவருகிட்டப் போயி இன்னும் வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

'போலே தஹான்' என்ற மலாய்த் தொடரை நாம் அனைவரும் நாளும் பயன்படுத்துகிறோம். 'பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது' என்பது அதன் வழக்குப் பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'தாங்கிக்கொள்ள முடிகிறது' என்பதே. மருத்துவர் முதற்பொருளைக் கேட்டார். அண்ணன் இரண்டாம் பொருளில் சொன்னார். இப்படித்தான் ஒருவர் 'மனநிறைவு பெற்ற நோயாளி' ஆகிவிடுகிறார்.

முதுகு வலியை அளப்பதற்குக் கருவிகள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் ஆசுவெசுட்ரி நகரின் பெயர் தாங்கிய வினாப்படிவம் 1980 முதல் உலகெங்கும் வழங்கி வருகிறது. வலி, தன்வேலை, பளு தூக்குதல், நடை, உட்காருதல், நிற்றல், உறக்கம், இல்லறம், சமூக வாழ்வு, பயணம் எனப் பத்துப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. புள்ளி கூடக் கூட முடக்கம் அதிகம். 'எப்படி இருக்கிறது?' என்று அது கேட்பதில்லை. 'எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது?' என்று கேட்கிறது. மரியாதைக்காகப் பொய் சொல்ல அங்கே இடம் குறைவு. (கேள்வித்தாள் தயாரிப்பவன் என்ற முறையில் எனக்கு அதன் மேல் பொறாமையே உண்டு.)

அப்படிவத்தின் தமிழாக்கம் முறையாகச் சோதிக்கப்பட்டு 2014இல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. எனினும் அண்ணனிடம் இரு அறுவைகளுக்கும் முன்னரோ பின்னரோ எந்த மொழியிலும் யாரும் அதை நீட்டவில்லை. ஒரு ஞாயிறு மாலை அவர் வீட்டில் வைத்து நானே வாய்மொழியாகக் கேட்டேன். இல்லறம் பற்றிய கேள்வியைத் தம்பி அண்ணனிடம் கேட்பதெப்படி? விட்டுவிட்டேன். விடுபட்ட பகுதியைக் கழித்துக் கணக்கிட விதியே இடம் தருகிறது. 45க்கு 20 வந்தது. அதாவது ஏறத்தாழ 44 விழுக்காடு. 41க்கு மேல் 'கடுமையான முடக்கம்' என்பது அப்படிவத்தின் வகைப்பாடு. மருத்துவமனைக் குறிப்பிலோ அவர் நலமாக இருக்கிறார்!

அறுவை வீண் என்று சொல்லிவிடலாமா? அதுவும் சரியன்று. முதுகெலும்புக் கோணல் நோயாளிகளுக்கான எஸ்.ஆர்.எஸ்-22 என்ற இன்னொரு படிவத்தில் மனநிறைவுக்கென்று இரண்டே கேள்விகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, இதே நிலை மீண்டும் வந்தால் இதே சிகிச்சையை ஏற்பீர்களா என்பது. அண்ணனிடம் அதையும் கேட்டேன். சற்றே யோசித்து, "கால் வலிக்குன்னா பண்ணிக்குவேன். முதுகு வலிக்குன்னா வேணாம்" என்றார்.

பெரிய ஆய்வறிக்கைகள் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். நரம்பை அழுத்துவதை அகற்றினால் காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலும் தணியும். இடுப்பிலேயே தங்கும் வலி அவ்வளவு எளிதில் பணியாது. இந்த வேறுபாட்டை இரண்டாம் அறுவைக்குக் கையொப்பம் இடும் முன் எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அண்ணனுக்கு அது சொல்லப்படவில்லை. அல்லது அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படவில்லை. மீண்டும் லாரி ஓட்டலாம் என்று நம்பித்தான் அவர் அறுவைக் கட்டிலில் ஏறினார். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலுள்ள தொலைவே மனநிறைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அறுவைக்கு முந்தைய மனச்சோர்வும் முடிவைப் பாதிக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அண்ணி இறந்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அதை யார் கேட்டார்கள்?

மறு அறுவை அரிதான ஒன்றன்று. அமெரிக்காவில் 13 மருத்துவ நிலையங்களில் நடந்த 'ஸ்போர்ட்' ஆய்வில், வட்டு விலகலுக்கு அறுவை செய்துகொண்டோருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் எட்டாண்டுகளுக்குள் மீண்டும் அறுவைக்கு உள்ளாயினர். காரணங்கள் பல. அதே வட்டு மறுபடி பிதுங்கலாம். பிணைத்த எலும்பு ஒட்டாமல் போகலாம், புகைப்பவர்க்கு இது கூடுதல். பிணைப்புக்கு மேலோ கீழோ உள்ள மூட்டு கூடுதல் சுமையால் தேயலாம். நரம்பைச் சுற்றித் தழும்புத் திசு வளரலாம். தழும்புக்காக மீண்டும் அறுத்தால் புதுத் தழும்பே வளரும். ஆகவே 'ஏன் இன்னும் வலிக்கிறது?' என்பதற்குத் தெளிவான விடை கிடைக்காத நிலையில் இரண்டாம் முறை கத்தி எடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

பெயரிலும் ஒரு செய்தி உண்டு. இந்நிலையை மருத்துவ உலகம் நெடுங்காலம் 'தோல்வியுற்ற முதுகு அறுவை நோய்க்குறி' என்றே அழைத்து வந்தது. அப்பெயர் மருத்துவரையும் நோயாளியையும் ஒருசேரக் குத்துகிறது. 2021இல் 'நீடித்த முதுகெலும்பு வலி நோய்க்குறி' என்ற மாற்றுப் பெயரை வல்லுநர் குழு ஒன்று முன்மொழிந்தது. வலி மாறவில்லைதான். ஆனால் தோற்றுப்போன நோயாளியாக இருப்பதைவிட வலியோடு வாழும் மனிதராக இருப்பது மேல் அல்லவா?

நம்மவர் பக்கமும் பிழை இருக்கிறது. வீட்டில் குடைச்சல், குத்தல், இழுப்பு, எரிச்சல், மதமதப்பு என்று வகைவகையாகச் சொல்லிப் புலம்புவோம். மருத்துவர் முன் அமர்ந்ததும் எல்லாம் 'சாகிட்' என்ற ஒரே மலாய்ச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. காலில் எரிச்சலும் மதமதப்பும் என்றால் மருத்துவர் நரம்பை நினைப்பார். அசையும்போது மட்டும் குத்தல் என்றால் திருகாணி தளர்ந்ததோ என்று பார்ப்பார். சொல்லை விழுங்கினால் அவர் எதைக்கொண்டு கண்டுபிடிப்பார்?

அடுத்த மாதம் அண்ணனுக்கு மறுபடியும் மருத்துவரைக் காணும் நாள். எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எத்தனை முறை இரவில் விழிக்கிறார், வலி எங்கே தொடங்கி எதுவரை இறங்குகிறது என்று அவர் சொல்லச் சொல்ல மலாயில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மருத்துவரிடம் நீட்டுவாரா என்று தெரியவில்லை. இம்முறையும் உடன் போகிறேன்.