இயங்க மறுக்கும் மடிக்கணினி: அழிக்குமுன் ஆராய்க

மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் மடிக்கணினி இயங்க மறுப்பது கள ஊழியருக்கும் ஆசிரியருக்கும் இன்று புதிய அனுபவமன்று. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது; விசிறியும் சுழல்கிறது. ஆயினும் திரை கறுத்தே நிற்கிறது. அல்லது நீல நிறமாகி, பொருள் விளங்காத ஓர் எண்ணைக் காட்டுகிறது. இத்தறுவாயில் நம்மிற் பலர் செய்வது ஒன்றே. அருகிலுள்ள பழுதுபார்க்கும் கடைக்கு யந்திரத்தை அனுப்பிவிடுகிறோம். அங்கே அதனை 'ஃபார்மட்' செய்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருகிறார்கள். யந்திரம் முன்போல் இயங்குகிறது. ஆனால் அதனுள் இருந்த ஒரு பருவத்து மண் பரிசோதனை முடிவுகளும், பயிர் அறுவடைச் சோதனைக் கணக்குகளும், மாணவர் மதிப்பெண் பட்டியல்களும் மறைந்துவிடுகின்றன. யந்திரத்தை விலை கொடுத்து வாங்கலாம்; அறுவடையாகிவிட்ட வயலை மீண்டும் அளக்க இயலாது.

இவ்வழக்கம் கைவிடற்பாலது என்பதே எமது கருத்து. புதுப்பிப்பினால் முடங்கிய கணினியில் பெரும்பாலும் சீர்குலைவது கணினி தொடங்கும் முறைதான். சேமித்த விவரங்கள் அல்ல. விவரங்கள் அழிவது பின்னர் நாம் காட்டும் அவசரத்தினாலும், மீட்புச் சாவி எண் கைவசம் இல்லாமையினாலுமே. இவ்விரண்டையும் தவிர்ப்பதற்கு நிபுணத்துவம் தேவையில்லை. அலுவலக ஒழுங்கு இருந்தாற் போதும்.

புதுப்பிப்பைத் துறக்கலாமா?

இத்தகைய தொல்லைக்கு அஞ்சிப் புதுப்பிப்பையே நிறுத்திவிடலாம் என்பார் சிலர். இது பொருந்தாது. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸில் கண்ட ஒரு குறைபாட்டுக்குத் திருத்தம் வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, மே 12-ஆம் நாள், அதே குறைபாட்டின் வழியே 'வானாக்ரை' என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் கணினிகள் சிலவும் அதற்கு இரையாயின. திருத்தத்தை ஏற்றுக்கொண்ட கணினிகள் அக்குறைபாட்டின் வழியே தாக்கப்படாமல் தப்பின. விண்டோஸ் 10-க்குரிய பொதுவான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆகவே பழைய முறைமையுடனேயே நெடுங்காலம் காலந்தள்ள எண்ணுவதும் அபாயகரமானதே.

எனினும் புதுப்பிப்பு எப்பொழுதும் குற்றமற்றதாய் வருமென நம்பிவிடவும் கூடாது. 2018 ஜனவரியில் வெளியான ஒரு பாதுகாப்புத் திருத்தம் ஏ.எம்.டி. செயலி கொண்ட சில கணினிகளைத் தொடங்கவொட்டாமல் செய்தமையால், அவற்றிற்கு அதனை அனுப்புவது நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பெரிய புதுப்பிப்பு, சிலருடைய ஆவணங்களையே நீக்கிவிட்டதால் நான்கே நாட்களில் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் திருத்தம், விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே உள்ள கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்குவதைத் தடுத்தது. இருவகை முறைமைகளையும் ஒரே கணினியில் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

சுருங்கக் கூறின், புதுப்பிப்பு அவசியம். அது தவறிப்போகவும் கூடும். இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டே நமது ஒழுங்கை வகுத்துக்கொள்ள வேண்டும்.

2024 ஜூலை 19 கற்பித்த பாடம்

இவ்விஷயத்தில் அண்மைக்காலத்திய பெரும் பாடம் 2024 ஜூலை 19-ஆம் நாள் கிடைத்தது. கிரௌட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறு விவரக் கோப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. காரணம் மிகச் சிறியது. கோப்பின் அமைப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மென்பொருளோ 20 மட்டுமே வழங்கியது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிய நிரல், நினைவகத்தில் தனக்குரிய எல்லையைத் தாண்டவே, முறைமை முழுவதும் விழுந்தது.

இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு வெளியான அக்கோப்பு 10.57 மணிக்குத் திரும்பப்பெறப்பட்டது. ஆக, 78 நிமிடங்களில் தவறு திருத்தப்பட்டாயிற்று. ஆயினும் விழுந்த கணினிகள் தொடங்கவே இயலாதிருந்தமையால், அவற்றுட் பல திருத்தத்தைப் பெறவும் இயலவில்லை. ஆட்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து, 'சேஃப் மோட்' வழியே உட்புகுந்து, சி-00000291 என்று தொடங்கும் கோப்பைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்த இடங்களில் அதற்கும் முன்னதாக மீட்புச் சாவி எண் தேவைப்பட்டது. அவ்வெண்களைச் சேமித்து வைத்திருந்த சர்வரே முடங்கிய இடங்களும் உண்டு.

நம் நாட்டில் விமான நிலையங்களில் பயணிகள் நெடுநேரம் காத்திருந்தனர்; சிலருக்குக் கையால் எழுதிய பயணச் சீட்டுகள் வழங்கப்பட்டன. பத்து வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் சிறு இடையூறுகள் நேர்ந்ததாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. தேசிய தகவலியல் மையத்தின் வலையமைப்பு பாதிக்கப்படவில்லை என்று மத்திய அமைச்சர் தெரிவித்தார்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? பரிகாரம் எவ்வளவு விரைவில் தலைமையிடத்தில் கண்டுபிடிக்கப்பட்டாலும், தொடங்காத கணினிக்கு அதனைக் கொண்டுசேர்ப்பவர் அதன் முன் அமர்ந்திருப்பவரே. நகரத்தில் அவர் தொழில்நுட்ப ஊழியராக இருக்கலாம். லடாக்கிலோ அசாமின் ஆற்றுத் தீவுகளிலோ அவர் கிராமப் பள்ளி ஆசிரியராகவோ கள உதவியாளராகவோதான் இருப்பார்.

எந்தப் படியில் நின்றது?

கணினி ஒரே தாவலில் தொடங்குவதில்லை, படிப்படியாகவே எழுகிறது. முதலில் மின்சாரம் பாய்கிறது. பின்னர் 'பயாஸ்' எனப்படும் அடிப்படை நிரல் உறுப்புகளைச் சோதிக்கிறது. அது வட்டிலுள்ள தொடக்க நிரலை அழைக்கிறது. தொடக்க நிரல் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்புகிறது. எப்படியில் நின்றது என அறிந்தால் பாதி வேலை முடிந்தது. திரையில் தோன்றும் வாசகத்தையும் எண்ணையும், நாளும் நேரமும் சேர்த்து எழுதிவைத்துக்கொள்வது முதற்கடமை. கைப்பேசியில் படமெடுத்துக் கொள்வதும் நன்று.

உடனே மின்சாரத்தைத் துண்டிக்கலாகாது. பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினிகளில் புதுப்பிப்பு முடிய ஓரிரு மணி நேரம் ஆவதுண்டு. நெடுநேரம் காத்திருந்தும் அசைவில்லையெனில், பென் டிரைவ், பிரிண்டர், மெமரி கார்டு யாவற்றையும் கழற்றிவிட வேண்டும். செருகியபடி விட்ட பென் டிரைவிலிருந்து தொடங்க முயன்று கணினி நின்றுபோவதும் உண்டு. பின்னர் சார்ஜரையும் எடுத்துவிட்டு, பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, மீண்டும் சார்ஜரை இணைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். பயாஸ் புதுப்பிப்பு நடைபெறும்பொழுது மட்டும் எக்காரணம் கொண்டும் மின்சாரத்தைத் துண்டிக்கலாகாது.

தயாரிப்பாளரின் சின்னமே திரையில் தோன்றவில்லையெனில், பள்ளியிலுள்ள புரொஜெக்டரை இணைத்துப் பார்க்கலாம். அதில் காட்சி தெரிந்தால் கெட்டது திரை மட்டுமே. அதிலும் தெரியவில்லையெனில் பழுது நினைவகத்திலோ பயாஸிலோ பிற உறுப்பிலோ இருக்கலாம். இதற்குப் பழுதுபார்ப்பவர் வேண்டும். ஆனால் இந்நிலையிலும் வட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். சின்னம் தோன்றியபின், தொடங்குவதற்கு வட்டு இல்லை என்னும் வாசகம் வருமாயின், பயாஸ் அமைப்பினுள் வட்டின் பெயர் காணப்படுகிறதா என்றும், தொடங்கும் வரிசை மாறியுள்ளதா என்றும் பார்க்கவேண்டும்.

சின்னத்துக்குப் பிறகு சுழலும் வளையம் தோன்றி, அதன்பின் நீலத் திரை வருமாயின், அல்லது கணினி திரும்பத் திரும்பத் தானே அணைந்து எழுமாயின், ஐயப்பட வேண்டியது புதுப்பிப்பையே. இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைப்பட்டால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குச் செல்லும். அங்கே 'டிரபிள்ஷூட்', அதன்பின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று செல்லவேண்டும். முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. பயனில்லையெனில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' மூலம் கடைசிப் புதுப்பிப்பை நீக்குதல். அதன்பின் 'சிஸ்டம் ரெஸ்டோர்'. இறுதியில் 'சேஃப் மோட்' என்ற வரிசையில் முயல்க. பெரிய பதிப்பு மாற்றமாயின், பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி சாதாரணமாகப் பத்து நாட்களுக்கே உண்டு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். லினக்ஸ் கணினிகளிலோ, தொடக்கப் பட்டியலில் முந்தைய 'கெர்னல்' பெரும்பாலும் விட்டுவைக்கப்பட்டிருக்கும். அதனைத் தேர்ந்தெடுத்தாலே பலமுறை காரியம் கைகூடும்.

இவை யாவும் பலிக்காவிடினும் விவரங்களை மீட்க வழியுண்டு. பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸைக் கொண்டு கணினியைத் தொடங்கி, கோப்புகளை வேறொரு வட்டுக்குப் பிரதி எடுக்கலாம். வட்டைக் கழற்றி மற்றொரு கணினியில் இணைத்தும் எடுக்கலாம். பிரதி எடுத்த பின்னரே 'ரீசெட்' செய்வதையோ 'ஃபார்மட்' செய்வதையோ எண்ணவேண்டும்.

நாற்பத்தெட்டு இலக்கங்கள்

மேற்கூறிய மீட்புக்கு ஒரே பெருந்தடை வட்டின் மறையாக்கம். இன்றைய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு முதன்முறை நுழையும்பொழுதே வட்டு தானாக மறையாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. உபயோகிப்பவர் இதனை அறிவதே இல்லை. புதுப்பிப்புக்குப் பின், குறிப்பாகப் பயாஸ் மாறியபின், கணினி 48 இலக்க மீட்புச் சாவி எண்ணைக் கேட்கக்கூடும். அவ்வெண் இல்லையெனில் கடைக்காரராலும் இயலாது. கணினியைச் செய்தவராலும் இயலாது.

சொந்தக் கணினியாயின் அவ்வெண் பெரும்பாலும் அவரவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கைப்பேசி வழியே அதனைக் காணலாம். அலுவலகக் கணினியாயின் துறையின் கணினி நிர்வாகியிடம் இருக்கக்கூடும். யந்திரத்தை முதலில் அமைத்துக் கொடுத்த ஊழியரின் சொந்தக் கணக்கில் அது தங்கிவிட்டு, அவர் மாற்றலாகிப் போய்விட்டால் நிலைமை யாதாகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆதலின் சாவி எண்ணைக் காகிதத்தில் எழுதிவைக்கவேண்டும் என்கிறோம். காகிதம் பாதுகாப்பற்றது என்று ஆட்சேபிக்கலாம். கணினிப் பையிலேயே அக்காகிதத்தை வைத்தால் ஆட்சேபம் நியாயமானதே. உறையிலிட்டு முத்திரையிட்டு அலுவலகப் பீரோவில் வைத்தால், கணினியைத் திருடியவனுக்கு அது கிட்டாது.

துறைகள் செய்யவேண்டுவன

முதலாவது, கணினியை வழங்கும் துறை, இருப்புப் பதிவேட்டில் மீட்புச் சாவி எண்ணின் உறை எங்குள்ளது என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்கவேண்டும். ஊழியர் மாறும்பொழுது யந்திரத்துடன் உறையும் கைமாறவேண்டும்.

இரண்டாவது, வாரம் ஒருமுறை விவரங்களுக்கு மாற்றுப் பிரதி எடுத்து, அதனை வேறிடத்தில் வைக்கவேண்டும். இணையச் சேமிப்பு இருக்கையில் இது எதற்கென்று கேட்கலாம். இணைப்பு அரிதான இடங்களில் கோப்புகள் மேலே சென்று சேர்ந்தனவா என்பதே ஐயம். சேராத கோப்பு கணினியில் மட்டுமே உள்ள கோப்பு.

மூன்றாவது, ஓர் அலுவலகத்தின் கணினிகள் யாவற்றையும் ஒரே நாளில் புதுப்பிக்கலாகாது. ஒன்றை முதலில் புதுப்பித்து, ஒரு வாரம் கவனித்துப் பின்னர் மற்றவற்றைப் புதுப்பிக்கலாம். அவசரத் திருத்தம் என அறிவிக்கப்பட்டவற்றுக்கு இக்காலத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். விண்டோஸிலேயே ஒத்திவைக்கும் வசதி உண்டு. தேர்வின் முந்திய நாளும் கள முகாமுக்குப் புறப்படும் நாளும் புதுப்பிப்புக்கு உகந்தவையல்ல.

நான்காவது, பழுதுபார்க்க அனுப்பும்பொழுது, 'எழுத்து மூல அனுமதியின்றி விவரங்களை அழிக்கலாகாது' என ரசீதில் எழுதி வாங்கவேண்டும்.

ஐந்தாவது, யந்திரத்துடன் அரைநாட் பயிற்சியும் தரவேண்டும். தொடங்க மறுக்கும் கணினியை ஆராயும் முறை, ஒவ்வொரு காரணமாக விலக்கி உண்மையை நெருங்கும் விஞ்ஞான முறையே ஆகும். மேல்வகுப்பு மாணவர்க்கு அதனைச் செய்துகாட்டுவது சிறந்த செய்முறைப் பாடமாகவும் அமையும்.

இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பென் டிரைவும், ஓர் உறையும், சிறிது நேரமுமே. கள விவரங்கள் ஊழியரின் உழைப்பினாலும் விவசாயிகளின் ஒத்துழைப்பினாலும் சேர்ந்த பொதுச் சொத்து. அவற்றைக் காக்கும் பொறுப்பு யந்திரத்தைக் காக்கும் பொறுப்பினும் பெரிது. வாசகர்கள் தம் கணினி நன்கு இயங்கிக்கொண்டிருக்கும் இன்றே அதன் சாவி எண்ணைத் தேடி எழுதிவைப்பார்களாக.