ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?

தில்லி, மும்பை, புனே, பெங்களூர் என்று பிழைக்க வந்த நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஜெபிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022-ல் உக்ரைனுக்காக ஜெபித்தோம். 2023-ல் மணிப்பூருக்காகக் கண்ணீரோடு ஜெபித்தோம். செய்ய வேண்டியதுதான், தப்பே இல்லை. ஆனால் சனிக்கிழமை இரவு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் இருபது தட்டும் முப்பது டம்ளரும் சிங்க்கில் போய் விழுகின்றனவே, அதை மறுநாள் காலையில் வந்து கழுவுவது யார்? அந்த மறுநாள் என்ன கிழமை?

சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு வாரத்தில் ஒரு முழு நாள், சம்பளப் பிடித்தம் இல்லாமல் லீவு கொடுக்காத வீடு ஓய்வுநாளை ஆசரிக்கவில்லை. கோயிலுக்குப் போய் வருகிறது, அவ்வளவுதான்.

பத்துக் கட்டளைகளை சண்டே ஸ்கூலில் மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள் நாம். ஓய்வுநாள் கட்டளையை மட்டும் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். முழுசாகப் படித்தால் யார் யாருக்கு ஓய்வு என்று ஒரு பட்டியலே இருக்கிறது. பிள்ளைகள், வீட்டு வேலையாட்கள், மாடு, ஊரில் வந்து தங்கியிருக்கிற அந்நியர் வரைக்கும். (பட்டியலில் மனைவியைக் காணோம் என்பது வேறு விஷயம். அதை இன்னொரு நாள் பேசலாம்.) உபாகமம் 5-ஆம் அதிகாரம் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது: உனக்கு எப்படி இளைப்பாறுதல் வேண்டுமோ அப்படியே உன் வேலையாளுக்கும் வேண்டும், நீயும் ஒரு காலத்தில் எகிப்தில் அடிமையாகக் கிடந்தவன், அதை மறந்துவிடாதே.

எகிப்து ரொம்ப தூரம் என்பவர்களுக்கு நாகர்கோவில் பக்கம்தான். தென் திருவிதாங்கூரில் நம் முன்னோர் பலர் சம்பளமே இல்லாமல் அரசாங்கத்துக்குச் செய்த கட்டாய வேலைக்குப் பெயர் 'ஊழியம்'. இன்று சபையில் பெருமையாகச் சொல்கிறோமே, அதே சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமாவது கிறிஸ்தவர்களை ஊழியத்துக்கு இழுக்கக் கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனரிகள் மன்றாடித்தான் அந்தச் சலுகையை வாங்கினார்கள். அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-ல்தான். நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு ஞாயிறு என்பது முதலில் பாட்டும் பிரசங்கமும் அல்ல. யாரும் வந்து வேலைக்கு இழுத்துப் போக முடியாத ஒரு நாள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு இன்னொரு பெண்ணுக்கு போன் போட்டு, "ஏன் இன்னும் வரலை?" என்கிறோம்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"அவங்க கேட்கவே இல்லையே." நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர் ஒரு வீட்டில் லீவு கேட்டால் மறுவாரம் அந்த வேலை இருக்குமா என்பது அவருக்குத் தெரியும். கேட்காதது சம்மதம் இல்லை, பயம்.

"ஞாயித்துக்கிழமைதான் விருந்தாளி வருவாங்க." வரட்டும். வந்தவர்களும் ஆளுக்கு ஒரு தட்டைக் கழுவட்டும். ஊரில் அசனப் பண்டிகைக்கு டாக்டரும் வாத்தியாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறவில்லையா? அங்கே குறையாத கௌரவம் துவாரகா ஃபிளாட்டில் குறைந்துவிடுமா?

"அவங்க இந்து, ஞாயிறு அவங்களுக்கு எதுக்கு?" கட்டளை அந்நியரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. செவ்வாய் வேண்டும் என்றால் செவ்வாய் கொடுங்கள். கிழமையை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

"கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறோமே." கொடுங்கள், சந்தோஷம். ஆனால் புடவை தர்மம், லீவு நியாயம். தர்மத்தைக் காட்டி நியாயத்தைக் கழித்துக்கொள்கிற கணக்கு எந்த ஆகமத்திலும் கிடையாது.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் 18 வருஷமாக நிமிர முடியாமல் கூனிப்போன ஒரு பெண் வருகிறாள். ஓய்வுநாளில் இயேசு அவளை நிமிர்த்துகிறார். ஜெப ஆலயத் தலைவருக்குக் கோபம் வருகிறது. சுகமாக்க மற்ற ஆறு நாள் இருக்கிறதே என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, ஒழுங்கு பார்க்கிறவர், நம்மைப் போல. உங்கள் மாட்டை மட்டும் ஓய்வுநாளிலும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவளை அவிழ்த்துவிடக் கூடாதா என்பதுதான் இயேசுவின் கேள்வி. குனிந்து பெருக்கி, குனிந்து துடைத்து, குனிந்தே இடுப்பு போன பெண்கள் நம் வீடுகளுக்கும் வந்து போகிறார்கள். இந்த அதிகாரத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. அற்புத சுகம் பற்றித்தான் எல்லாம். அவள் எந்த நாளில் நிமிர்ந்தாள் என்பதை யாரும் நம் வீட்டுக்குள் கொண்டு வருவதில்லை.

தில்லியில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஜங்புரா அருகே பாராபுல்லா நாலாவை ஒட்டி மதராஸி கேம்ப் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்த குடிசைப் பகுதி. அங்கிருந்த பெண்களில் பலர் அக்கம்பக்கத்துக் காலனிகளில் வீட்டு வேலை செய்தவர்கள். நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189-க்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அதுவும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில். அங்கிருந்து பழைய வீட்டுக்கே வேலைக்கு வர வேண்டுமானால் பஸ்ஸிலேயே அரை நாள் போய்விடும். நம் மொழி பேசுகிற, நம் ஊர்ப் பெண் அவர். அவருக்கு ஒரு நாள் லீவு கொடுப்பது பற்றி யோசிக்கக்கூட நமக்கு ஒரு சபைத் தீர்மானம் வேண்டுமா?

திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிக்கிறோம். அது பெரிய காரியம். ஜாதி பார்த்துத் தண்ணீர் ஊற்றிய நாட்டில் அது புரட்சி. வீட்டுக்கு வந்து வேலைக்கார அம்மாவுக்கு பால்கனியில் தனி டம்ளர் வைத்திருந்தால் காலையில் செய்ததற்கு என்ன அர்த்தம்? பவுல் கொரிந்து சபையைத் திட்டியது இதற்காகத்தான்: வசதியுள்ளவன் வயிறார உண்ண, இல்லாதவன் பசியோடு நிற்கிறான், இதற்குப் பெயர் கர்த்தருடைய விருந்தா என்று.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. 2011-ல் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டு வேலை செய்பவருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது அது. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது, ஆனால் ஏற்று உறுதி செய்யவில்லை. இவர்களுக்கென்று சட்டம் கொண்டுவருவதை ஆராய ஒரு குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. ஆனால் பெல்ஜியத்திலிருந்து வந்த கன்னியாஸ்திரி ஜீன் டெவோஸ் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1985-லேயே வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான தேசிய இயக்கத்தைத் தொடங்கிவிட்டார். விசுவாசம் சமையலறை வரை வருவதென்றால் அதுதான்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் ஒரு நாள் லீவு, சம்பளம் குறையாமல். உடம்பு சரியில்லாமல் வராத நாளுக்குப் பிடித்தம் இல்லை. மாதம் முடிந்த அன்றே சம்பளம்; கூலிக்காரனின் கூலியை மறுநாள் விடியும்வரை வைத்திருக்காதே என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் சொல்வது நமக்கும் சேர்த்துத்தான். நம் வீட்டு டம்ளரிலேயே டீ. சபையில் ஐயரிடம் இதைப் பற்றி ஒரு பிரசங்கம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அடுத்த ஜெபக்கூட்டம் முடிந்ததும் அண்ணாச்சிமார் எல்லாரும் சிங்க் பக்கம் போங்கள். உலகத்துக்காக ஜெபிப்பதை அதற்குப் பிறகு தொடரலாம்.