குற்றாலத்தில் பெண் மயங்கி விழுந்தால் தொடலாமா? ராணுவப் பயிற்சி பொம்மை சொல்லும் பாடம்

குற்றாலம் மெயின் அருவி. சீசன் கூட்டத்தில் ஒரு பெண் மயங்கி விழுகிறார். மூச்சு இல்லை. அருகில் சிபிஆர் முதலுதவி தெரிந்தவர் ஓர் ஆண் மட்டும்தான். ‘தொட்டா தப்பா நினைப்பாங்களோ?’ என்ற தயக்கத்திலேயே உயிர் காக்கும் நிமிடங்கள் கரைந்துவிடும்.

தயக்கம் உண்மையா?

உண்மைதான். இதயம் நின்றுபோன சுமார் 19 ஆயிரம் பேரின் விவரங்களை ஆராய்ந்து 2018ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பொது இடங்களில் ஆண்களில் 45% பேருக்கு அக்கம்பக்கத்தினர் சிபிஆர் செய்தனர். பெண்களுக்கு 39% மட்டுமே. வீட்டுக்குள் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை.

பொம்மையில் என்ன சிக்கல்?

நார்வேயில் 1960ல் அறிமுகமான ‘ரெசஸி ஆனி’ பயிற்சி பொம்மைக்கு பெண் முகம். ஆனால் மார்பு தட்டை. 2023ல் சந்தையில் இருந்த 20 வகை சிபிஆர் பொம்மைகளை ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஒன்றில் மட்டுமே மார்பகம் இருந்தது. பழகியது ஆண் உடலில் என்றால், பெண் உடலில் கை தயங்காதா?

ராணுவத்தில் ஏன் முக்கியம்?

நெஞ்சில் குண்டு பாய்ந்தால், சீருடையை வெட்டி எடுத்து காயத்தைத் தேடி அடைக்க வேண்டும். அங்கே கூச்சம் உயிரையே பறிக்கும். அமெரிக்கா 2015 டிசம்பரில் எல்லா போர்ப் பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டது. ஆண் பொம்மை மேல் மாட்டக்கூடிய பெண் உடல் உறைகளையும் அந்நாட்டு ராணுவ ஆய்வகம் உருவாக்கியது. இந்தியாவிலும் ராணுவ போலீஸ் படையில் முதல் 83 பெண் வீரர்கள் 2021 மே மாதம் சேர்ந்தனர். காயம்பட்ட வீரர் ஆணாகத்தான் இருப்பார் என்று இனி நினைக்க முடியாது.

பெண்ணுக்கு சிபிஆர் வேறா?

இல்லை, ஒரே முறைதான்.

* முதலில் 108க்கு அழைக்கச் சொல்லுங்கள்.
* மார்பின் நடு எலும்பில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.
* ஏஇடி கருவி இருந்தால், ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழே ஒட்டுங்கள். மற்றொன்றை இடது மார்பகத்தின் மேல் ஒட்டாமல், அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் ஒட்டுங்கள்.
* சுற்றி நிற்கும் பெண்களை துப்பட்டா, துண்டு பிடித்து மறைக்கச் சொல்லலாம். அதற்காக காத்திருக்க வேண்டாம்.

தென்காசி மாவட்டத்தில் போலீசாருக்கும், தீயணைப்பு வீரர்களுக்கும், அருவிக்கரை கடைக்காரர்களுக்கும் முதலுதவி கற்றுத்தரும்போது பெண் உருவ பொம்மை ஒன்றும் இருக்கட்டும். பயிற்சியிலேயே கூச்சம் போய்விட்டால், அருவிக்கரையில் கை தயங்காது.