பாட்டு இல்லாத ராஜா



கோவை காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ் ஏறினால், கோவில்பாளையம் தாண்டுவதற்குள் இளையராஜா பாட ஆரம்பித்துவிடுவார். சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனுக்குள் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தத்தை மீறி அவர் பாட்டு ஏதாவது ஒன்று காதில் விழும். டீக்கடை, ஒர்க்‌ஷாப், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும் டெம்போ, கல்யாண மண்டபத்துப் பந்தி என்று எல்லா இடத்திலும் பாட்டு உண்டு. பாட்டு இல்லாமல் நமக்கு வேலை ஓடாது. ஆனால் வேலை இல்லாமல் நாம் பாட்டு கேட்கிறோமா? வேறு எதையும் செய்யாமல் இசைக்கென்று உட்கார்ந்த நேரம் நம் வாழ்க்கையில் எவ்வளவு இருக்கும்?

இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஒரே ஒரு இசைத்தொகுப்புக்காக ஒதுக்க நினைத்தேன். 1986-இல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?'. அதில் பாட்டு இல்லை. கதாநாயகன் இல்லை, காட்சி இல்லை, பாடலாசிரியரும் இல்லை. வெறும் வாத்தியங்கள். நம் ஊர் பஸ்களில் அது ஒலித்து நான் கேட்டதே இல்லை. ராஜாவின் பாட்டை ஒரு வரி பிசகாமல் முணுமுணுக்கிற எத்தனையோ பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்த ஆண்டில் அவர் எங்கே இருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். திரையுலகுக்கு வந்து பத்தாண்டு முடிந்திருந்தது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. 1976-இல் வந்த 'அன்னக்கிளி' படமாக்கப்பட்டது தெங்குமரஹாடாவில்தான். பவானிசாகரிலிருந்து காட்டு வழியாகப் போய், மோயாற்றைப் பரிசலில் கடந்து சேர வேண்டிய ஊர். பஞ்சு அருணாசலத்தின் நம்பிக்கையில் வந்த அந்தப் புது இசையமைப்பாளர், 1986-இல் தென்னிந்தியத் திரையிசையின் அச்சாணியாக இருந்தார். கோபி வெள்ளாங்கோயில் தந்த பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' உட்பட, இந்த வட்டாரமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய படங்களுக்கெல்லாம் அவர்தான் இசை. ஆண்டுக்குப் பல பத்துப் படங்கள் கைவசம். காலையில் ஒரு பாட்டு, மாலையில் ஒரு பின்னணி இசை என்று ஓடிய வேகத்தில், யாரும் கேட்காத ஒன்றைச் செய்ய அவர் நேரம் ஒதுக்கினார். தயாரிப்பாளர் கேட்கவில்லை, இயக்குநர் கேட்கவில்லை, ரசிகர்களாகிய நாமும் கேட்கவில்லை.

இது திடீரென்று வந்த ஆசை அல்ல. பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துத் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியவர், சென்னைக்கு வந்ததும் தேடிப்போன ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் ஒரு அறையில் இருந்துகொண்டு மேற்கத்திய இசையின் எழுத்தையும் இலக்கணத்தையும் சொல்லிக்கொடுத்தவர். பாக், மோட்சார்ட், பீத்தோவன் எல்லாம் அங்கேதான் ராஜாவுக்கு அறிமுகம். பிறகு இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் கிடாரிஸ்டாகவும் உதவியாளராகவும் கழிந்த ஆண்டுகள். தெருக்கூட்டத்துக்கு வாசித்த விரல்களும் பாக்கை எழுதிப் பழகிய விரல்களும் ஒன்றேதான். திரைப்பாடலில் அந்த இரண்டாவது பாடம் இடையிசையாக, பதினைந்து இருபது வினாடிகள் எட்டிப்பார்த்துவிட்டு மறைந்துவிடும். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் முன் வயலின்கள் கூடி ஏதோ பேசத் தொடங்கும். நாம் காது கொடுப்பதற்குள் பாடகர் வந்துவிடுவார். இந்தத் தொகுப்பில் அந்தப் பேச்சு தடையில்லாமல் நடக்கிறது.

தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் இதைச் சமர்ப்பித்திருக்கிறார் ராஜா. பாக் 1750-இல் ஜெர்மனியில் மறைந்தார். தியாகராஜர் 1767-இல் பிறந்தார். ஒருவர் பெயரை ஒருவர் கேட்டிருக்க வழியில்லை. இந்த இருவரையும் ஒரே கூடத்தில் உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அது புரிந்தால் கேட்கிற சுகம் கூடும்.

நம் சங்கீதத்தில் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. தோடி ராகத்தின் காந்தாரத்தைப் பாடகர் பிடிக்கும்போது அது அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் ராகத்தின் முகம். கமகம் எனப்படும் அந்த அசைவை எடுத்துவிட்டால் ராகம் போய்விடும். மேற்கத்திய இசைக்குச் சுரம் நேராக நிற்க வேண்டும். மூன்று நான்கு சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் அவர்கள் கட்டடம் எழுப்புகிறார்கள். அசைகிற சுரத்தை அடுக்கில் வைத்தால் அடுக்கு சரியும். அசையாமல் நிறுத்தினால் ராகம் சாகும். கிழக்கும் மேற்கும் கலந்த எத்தனையோ முயற்சிகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன. கீழே கிடாரில் கார்டு, மேலே வீணையில் கீர்த்தனை என்று ஒட்டுப்போட்டதுபோல் கேட்கும்.

ராஜா துணைக்குப் பாக்கை அழைத்ததில் பெரிய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பாக்கின் இசை அடுக்கு மட்டுமல்ல. அது கோடுகளின் இசை. ஒரு குரல் முதலில் ஒரு சங்கதியைச் சொல்லும். அது சொல்லிக்கொண்டு போகும்போதே இரண்டாவது குரல் அதே சங்கதியை வேறு உயரத்தில் ஆரம்பிக்கும், அப்புறம் மூன்றாவது. ஒவ்வொன்றும் தன் போக்கில் நடக்கும், ஆனால் ஒன்றோடொன்று மோதாது. இதைத்தான் ஃபியூக் என்பார்கள். கோடு கோடாக நடக்கிற இந்த முறைக்குள், தனிக் கோடாகவே வாழ்கிற நம் ராகம் இயல்பாக நுழைந்துகொள்ள இடம் கிடைக்கிறது. 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்ற துண்டைக் கேட்கும்போது, ஒரே ஒரு வயலினை மட்டும் கையைப் பிடித்தபடி பின்தொடர்ந்து பாருங்கள். அடுத்த முறை வேறொரு வயலினைப் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறொரு கதை கேட்கும்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. தனி வயலினுக்காகப் பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையை எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் இன்னொரு குரலை நடக்க விடுகிறார். வீட்டுக்கு வந்த பெரியவரை உட்காரச் சொல்லி, அவர் பேசுவதைக் கேட்டு, நடுவே நாமும் இரண்டு வார்த்தை சொல்வதுபோன்ற மரியாதை அதில் இருக்கிறது. வித்தை காட்டுகிற அவசரம் எங்குமே இல்லை. அந்த வயலினை வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். ராஜாவின் எத்தனையோ திரைப்பாடல்களில் பெயர் தெரியாமலேயே நாம் ரசித்த வயலின் அவருடையதுதான். பின்னால் 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' என்ற நால்வர் குழுவை அமைத்து, கர்நாடகக் கீர்த்தனைகளை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்குள் கொண்டுவந்தவரும் அவரே.

இதை ஜாஸ் ஃபியூஷன் என்று சொல்லலாமா என்று இசை தெரிந்த நண்பர்கள் கேட்பார்கள். முழுக்கச் சொல்ல முடியாது. ஜாஸின் உயிர் மனோதர்மம். ஒருவர் மாற்றி ஒருவர் அந்தக் கணத்தில் தோன்றியதை வாசிப்பது. ராஜாவிடம் எல்லாமே எழுதப்பட்டது, ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித் தாள். ஆனால் சில இடங்களில் பேஸ் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்துகொள்ளும்போது இசையின் நடை மாறி, அந்தக் காலத்து ஃபியூஷன் குழுக்களின் வாசலில் போய் நிற்கிறது. ஜாஸோடு நேராகக் கைகோத்த திரையிசைக்காரர்கள் அவருக்கு முன்பே பம்பாயில் இருந்தார்கள். 1968-இல் ஷங்கர்–ஜெய்கிஷன் இரட்டையர் 'ராகா ஜாஸ் ஸ்டைல்' என்ற இசைத்தட்டைக் கொண்டுவந்தார்கள். பதினொரு இந்துஸ்தானி ராகங்கள், ரயீஸ்கானின் சிதார், மனோகரி சிங்கின் சாக்ஸஃபோன், கூடவே டிரம்பெட்டும் டிரம்ஸும். ராஜ்கபூர் படங்களுக்குப் பாட்டுப் போட்டு நாட்டையே பாட வைத்தவர்களிடமிருந்து இப்படியொரு வார்த்தையில்லாத தட்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது 'சக்தி' குழு. ஜாஸ் உலகின் ஜான் மெக்லாஃப்லின் 1970-களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு அமர்ந்தார். அதே 'சக்தி' ஐம்பதாண்டுக்குப் பிறகு 'திஸ் மொமென்ட்' தொகுப்புக்காக 2024-இல் கிராமி விருது பெற்றபோது, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அந்தக் குழுவில் இருந்தார்.

திரையிசைக்காரர் பாட்டை விட்டு விலகி நிற்கும் இந்தத் துணிச்சலைப் பேசும்போது, நம் சிங்காநல்லூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருச்சி ரோட்டில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோவில், ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலைகள் செய்தபடி, எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் இசை கற்றுக்கொண்டவர்தான் பாலக்காட்டுப் பையன் எம்.எஸ். விஸ்வநாதன். அவர் பின்னாளில் 'த்ரில்லிங் தீமேட்டிக் ட்யூன்ஸ்' என்று வாத்திய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். எம்.எஸ்.வி.யின் பாட்டுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், அந்தத் தட்டைப் பற்றி யார் பேசுகிறோம்?

'ஹவ் டு நேம் இட்?' வந்து இரண்டு ஆண்டு கழித்து, 1988-இல், ராஜா இன்னொன்று செய்தார். 'நத்திங் பட் விண்ட்'. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும், பெரிய ஆர்கெஸ்ட்ராவும். முதல் தொகுப்பைவிட இது எளிதில் மனதில் ஒட்டிக்கொள்ளும். புதிதாகக் கேட்பவர்கள் இதிலிருந்து தொடங்கினாலும் நல்லதே. எனக்கு முதலாவதுதான் ஆழம்.

அந்த முதல் தொகுப்பின் இசை நமக்குத் தெரியாமலேயே நம் வீட்டுக்குள் வந்ததும் உண்டு. 1988-இல் வந்த பாலுமகேந்திராவின் 'வீடு' படத்தை இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலர் பார்த்திருப்பீர்கள். சொந்தமாக ஒரு வீடு கட்டப் படாதபாடு படும் பெண்ணாக அர்ச்சனா, தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர். பாட்டே இல்லாத அந்தப் படத்தின் பின்னணி இசை 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பிலிருந்து எடுத்து வைத்ததுதான். படத்துக்காக எழுதாத இசை, எந்தக் கதைக்கும் கட்டுப்படாத இசை, ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் ஏக்கத்தை அவ்வளவு துல்லியமாகச் சுமந்தது. அங்கணக்குழி தோண்டி, கடக்கால் போட்டு, வங்கிக்கும் ஆபீசுக்கும் அலைந்து வீடு கட்டிய எத்தனையோ பேர் இருக்கிற ஊர் நம்முடையது. அவர்கள் அந்தப் படத்தை மறுபடி பார்த்தால், இந்த முறை காதையும் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

வார்த்தை இல்லாவிட்டால் நமக்குப் புரியாது என்று நாமே நம்மைக் குறைத்துக்கொள்கிறோம். மாரியம்மன் நோன்பில் துடும்பு முழங்கும்போது யாருக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது? கோயில் வாசலில் நாகஸ்வரக்காரர் அரை மணி நேரம் ஒரு ராகத்தை ஊதினால் நின்று கேட்ட பரம்பரைதானே நாம்? நம் கோவைப் பையன் ஹிப்ஹாப் தமிழா ஆதி 2012-இல் தன் தொகுப்பைச் சினிமாவின் துணையில்லாமல் மக்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். அது வார்த்தையின் பலத்தில் வென்ற இசை, அதற்கு ஒரு கூட்டம் சேர்ந்தது, மகிழ்ச்சி. வாத்தியத்தை மட்டும் நம்பி நிற்கிற பிள்ளைகளுக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. நம் கல்லூரிகளில் கீபோர்டும் பேஸ் கிடாரும் வாசிக்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். கல்லூரி விழாவில் அவர்கள் மேடையேறினால், சொந்தமாக எழுதியதை மூன்று நிமிடம் வாசிப்பதற்குள் கீழேயிருந்து சினிமாப் பாட்டைக் கேட்டுச் சத்தம் வருகிறது. விழா நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நிகழ்ச்சி நிரலில் அரை மணி நேரம் அவர்களுக்கென்று எழுதி வையுங்கள். கோயில் கச்சேரி ஏற்பாடு செய்கிற பெரியவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராஜாவின் 'வேலியன்ட்' சிம்ஃபொனி அரங்கேறியபோது, நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் பறந்தது. அந்த லண்டன் மேடைக்குப் போகும் வழியில் 1986-இல் நடப்பட்ட மைல்கல் 'ஹவ் டு நேம் இட்?'. அதைத் தாண்டி வராமல் சிம்ஃபொனிக்குள் நுழைவது கடினம்.

ஆகவே, இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு, செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு இந்தத் தொகுப்பை முதலிலிருந்து கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். புரியவில்லை என்றால் பரவாயில்லை, மறு வாரம் மறுபடி கேளுங்கள். கேட்டுவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். 80-களில் இந்த கேசட்டைக் கோவையிலோ, ஈரோட்டிலோ, திருப்பூரிலோ வாங்கியவர்கள், பதிவு செய்து தரும் கடைகளில் தொண்ணூறு நிமிட கேசட்டில் ஏற்றி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எந்தக் கடை, யார் சொல்லிக் கேட்டீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். அட்டைப்படம் பத்திரமாக இருந்தால் ஒரு நகல் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்கென்று நான்கு பக்கம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்