ஆடி அமாவாசைக் குடில்



கரண்ட் இல்லாத, டவர் கிடைக்காத ஆற்றங்கரை வீட்டில் பிள்ளைகளோடு இரண்டு நாள் தங்க வேண்டும், எங்கே போகலாம் சார் என்று பெங்களூருவில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். முக்கூடல்காரருக்கு இது புதுசா? ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கியவர்கள்தானே நாம்! நாலு கம்பு, ஒரு தார்ப்பாய், மூன்று கல் வைத்த அடுப்பு, அரிக்கேன் விளக்கு. ஆச்சி முதல் கைக்குழந்தை வரை ஒரே குடிலுக்குள். குளிக்க, குடிக்க எல்லாம் தாமிரபரணி.

இப்போது தங்கும் நாட்களைக் குறைத்துவிட்டார்கள், சொந்த வண்டியை அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்தச் சொல்கிறார்கள் என்று பலருக்கு வருத்தம். எனக்கும் உண்டு. ஆனால் அது 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஜெனரேட்டர், ஸ்பீக்கர் செட், பிளாஸ்டிக் மூட்டை எல்லாம் உள்ளே கொண்டுபோனது புலியா? ஆற்றில் விட்ட பழைய துணியும் ஷாம்பு பாக்கெட்டும் பாபநாசம், அம்பாசமுத்திரம் தாண்டி, திருப்புடைமருதூரில் கடனா நதியோடு சேர்ந்து நம் ஊர்ப் படித்துறைக்குத்தான் வரும்.

அதற்காகக் குடிலே கூடாது என்பவர்களோடும் நான் சேரமாட்டேன். காட்டுக்குள் எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வேறு எங்கே வைத்துச் சொல்லிக்கொடுப்பது? நாள் குறையட்டும், குடில் இருக்கட்டும். சோப்பும் ஸ்பீக்கரும் செக்போஸ்ட்டோடு நிற்கட்டும்.

அடுத்த ஆடிக்கு வருகிறவர்கள் இப்போதே லீவு சொல்லிவையுங்கள். உடுத்திய துணியை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். ஆற்றில் விட்டால்தான் தோஷம் கழியும் என்று எந்தச் சித்தப்பா சொன்னாலும் என்னிடம் அனுப்பிவையுங்கள்.